மகிழ்ச்சியாக இருப்பது கர்ப்பிணியின் கடமை அல்ல

வயிற்றுப்பிள்ளைக்காரி அழக் கூடாது, கோபப்படக் கூடாது, கண்டதையும் மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது, தாய் என்ன நினைக்கிறாளோ அதுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் சொல்லிவரும் இந்த அறிவுரைக்கு இன்று புதிய மவுசு வந்திருக்கிறது. முன்பெல்லாம் தாயின் வயிற்றிலேயே சக்கரவியூகத்தைக் கேட்ட அபிமன்யுவும், நாரதர் உபதேசம் கேட்ட பிரகலாதனும் சாட்சிக்கு வந்தார்கள். இப்போது கார்ட்டிசால் என்னும் மனஅழுத்த ஹார்மோனும் மூளை வளர்ச்சியும் மரபணுவும் வருகின்றன. கர்ப்ப சம்ஸ்காரம் என்ற பெயரில் கட்டணம் வாங்கி வகுப்பு நடத்துகிறார்கள். 2017இல் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் தாய்சேய் நலக் கையேடு ஒன்று, கர்ப்பிணிகள் இறைச்சியோடு ஆசை, கோபம், பற்று ஆகியவற்றையும் விலக்க வேண்டும், படுக்கையறையில் அழகான படங்களை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி விவாதத்துக்கு உள்ளானது. பிள்ளை பிறந்த பிறகும் இது ஓய்வதில்லை. கவலைப்பட்டால் பால் வற்றிவிடும், அழுதுகொண்டே பால் கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அறிவுரை தொடர்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்தக் கருத்து தவறு என்றும், பேறுகாலப் பெண்களுக்கு இது கேடு செய்கிறது என்றும் வாதிடவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கருத்துக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. தாயின் மனநிலை பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்பது முதலாவது. மனநிலை தாயின் கையில் இருக்கிறது, நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. ஆகவே மகிழ்ச்சியாக இருப்பது அவள் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கடமை, தவறினால் பழி அவளுடையது என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருப்பதால்தான் ஒரே உண்மை போலத் தெரிகின்றன. பிரித்துப் பார்த்தால் முதலாவதில் கொஞ்சம் உண்மையும் நிறைய மிகையும் இருக்கின்றன. இரண்டாவதைக் கள ஆய்வுகள் மறுக்கின்றன. மூன்றாவது, குடும்பமும் முதலாளியும் அரசும் சுமக்க வேண்டிய பொறுப்பைத் தூக்கி, களைத்துக் கிடக்கும் ஒருத்தியின் தலையில் வைக்கிறது. தாயின் மனநலம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அது மிக மிக முக்கியம். அதனால்தான் அதை அவளுடைய மனவுறுதிக்குரிய காரியமாகச் சுருக்கிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது.

முதல் கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் மிகவும் வலுவானதையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் கருவுற்றிருந்த ஆயிரக்கணக்கான பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிக அதிகமான பதற்றத்தில் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு நடத்தைச் சிக்கலோ உணர்ச்சிச் சிக்கலோ வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தெரிந்தது. 'இரண்டு மடங்கு' என்றதும் நெஞ்சு பதறும். ஆனால் மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருந்த சிக்கல், இவர்களில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இருந்தது என்பதே அதன் பொருள். ஆகக் கடுமையான பதற்றத்தை அனுபவித்த தாய்மாரின் பிள்ளைகளிலும் பத்தில் ஒன்பது பேர் அளவில் எந்தச் சிக்கலும் இல்லாமல் வளர்ந்தார்கள். இந்த ஒன்பது பேரைப் பற்றிக் கர்ப்பிணிக்குச் சொல்வார் இல்லை. அன்றாடம் வரும் எரிச்சலையும் அழுகையையும் பற்றி இந்த ஆய்வு பேசவே இல்லை. அமெரிக்காவில் ஜானெட் டிபியட்ரோ குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல்நலமுள்ள, மனச்சோர்வு இல்லாத கர்ப்பிணிகளில் மிதமான மன உளைச்சல் இருந்தவர்களின் பிள்ளைகள், இரண்டு வயதில் உடலியக்கத்திலும் அறிவு வளர்ச்சியிலும் சற்று முன்னே இருந்தார்கள். ஒரு ஆய்வை வைத்து உளைச்சல் நல்லது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் ஒரு நாள் அழுததற்காகப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று நடுங்க வேண்டியதில்லை என்று சொல்ல இது போதும்.

மிச்சமிருக்கும் தொடர்பும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பதற்றமுள்ள தாயின் பிள்ளை பதற்றமாக இருந்தால், கருவறையில் ஏதோ நடந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தாயும் பிள்ளையும் மரபணுவையும் பகிர்ந்துகொள்கிறார்கள், பிறகு ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள். பிரிட்டனில் பிரான்சிஸ் ரைசும் அவருடைய குழுவினரும் இதைச் சோதிக்கச் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த பிள்ளைகளைக் கவனித்தார்கள். சில தாய்மார் தங்கள் சொந்தக் கருமுட்டையில் உருவான பிள்ளையைச் சுமந்தார்கள். சிலர் வேறொருவரின் கருமுட்டையில் உருவான பிள்ளையைச் சுமந்தார்கள். கர்ப்பகால மனஅழுத்தத்துக்கும் குறைந்த பிறப்பு எடைக்கும் இருந்த தொடர்பு இரு பிரிவிலும் தெரிந்தது. ஆக அது கருவறைச் சூழலோடு தொடர்புடையது. ஆனால் கவனக்குறைவு, துறுதுறுப்பு ஆகியவற்றோடு இருந்த தொடர்பு, தாயின் மரபணு உள்ள பிள்ளைகளில் மட்டுமே தெரிந்தது. தாயின் கவலைதான் பிள்ளையைக் கெடுத்தது என்று நினைத்திருந்த ஓரிடத்தில் உண்மையில் வேலை செய்தது பரம்பரை. கனடாவின் கியூபெக்கில் 1998 ஜனவரியில் பெய்த பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து, சில வீடுகள் ஒரு மாதத்துக்கும் மேல் கடுங்குளிரில் மின்சாரமில்லாமல் கிடந்தன. அப்போது கருவுற்றிருந்த பெண்களின் பிள்ளைகளை சூசன் கிங் குழுவினர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறனோடும் மொழித்திறனோடும் தொடர்பு காட்டியது தாய் எவ்வளவு கலங்கினாள் என்பது அல்ல. எத்தனை நாள் மின்சாரமில்லை, வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததா, எவ்வளவு இழப்பு என்பவைதான். அவள் மேல் வந்து விழுவதைத் தடுக்கப் பிறரால் முடியும். அதை அவள் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பாடம் நடத்துவதில்தான் நாம் நேரத்தைச் செலவிடுகிறோம்.

இரண்டாவது கூற்றுக்கு வருவோம். மனநிலை அவள் கையில் இருக்கிறதா? இதற்குப் பதில் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி ஒன்றியத்தில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த 359 கிராமப்புறப் பெண்களைச் சந்தித்து, பிரசவமான சில வாரங்களில் மறுபடி பார்த்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு வந்தது? குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பெண்களுக்கு. ஆண்பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு. மாமியாரோடோ பெற்றோரோடோ ஒத்துப்போகாதவர்களுக்கு. கர்ப்பகாலத்தில் பெரிய இடி ஏதாவது விழுந்தவர்களுக்கு. கைவேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்களுக்கு. அதே ஆண்டு கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரத்தில் இருந்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. அங்கேயும் வறுமை, கணவனின் அடிஉதை, பெண்பிள்ளை பிறந்தது ஆகியவையே பின்னணி. அவர்களில் பெரும்பாலோர் கர்ப்பமாக இருக்கும்போதே மனவேதனையில் இருந்தவர்கள். இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளை, 20,043 பெண்களின் தகவல்களை, ஒன்றாகத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியான கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதம் என்று மதிப்பிட்டது. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு ஒரே நேரத்தில் மனவுறுதி குறைந்துபோனது என்று நம்புவதா, ஐந்தில் ஒரு பெண் தாங்க முடியாத நிலைமையில் வைக்கப்பட்டிருக்கிறாள் என்று ஒப்புக்கொள்வதா?

வேலூர் ஆய்வின் அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அதில் உள்ள எதையும் நல்ல பாட்டுக் கேட்டோ, மூச்சுப் பயிற்சி செய்தோ அவள் மாற்றிவிட முடியாது. பேரன்தான் வேண்டும் என்று ஒன்பது மாதமும் சாடையாகச் சொல்லிவிட்டு, பெண்ணாகப் பிறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வீட்டில், 'நீ சந்தோஷமாக இருந்தால்தான் பிள்ளை நன்றாக இருக்கும்' என்று அவளிடமே சொல்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், கணவனின் வன்முறைக்கு எப்போதாவது ஆளானதாகத் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பவனிடம் யாரும் கார்ட்டிசாலைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பற்றிய பாடம் அடிவாங்குகிறவளுக்கே நடக்கிறது. உடலும் தன் பங்கைச் செய்கிறது. கர்ப்பகாலத்தில் ஏறி நின்ற ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பிரசவமான சில நாட்களுக்குள் தடாலென்று இறங்குகின்றன. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது தாய்மாரில் பாதிப் பேருக்காவது நேர்வது, தானாகவே அடங்கிவிடும். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் பிரசவ மனநோயோ அவசர சிகிச்சை வேண்டிய நிலை. இரண்டையும் ஒரே அறிவுரையால் எதிர்கொள்கிறவர்கள், முதலாமவளைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார்கள். இரண்டாமவளைச் சாகும் ஆபத்தில் விட்டுவிடுகிறார்கள்.

தாய்ப்பால் விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் துல்லியமாகத் தெரியும். கவலைப்பட்டால் பால் வற்றும் என்பதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் இல்லை. பால் சுரப்பது வேறு, சுரந்த பால் இறங்கி வெளியே வருவது வேறு. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்சிடோசின் அதை இறக்கிவிடுகிறது. மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் தம்பதியர் அமெரிக்காவில் 1948இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாலூட்டும் தாயின் காலைப் பனிநீரில் அமுக்கினார்கள். கால் பெருவிரலை வலிக்க இழுத்தார்கள். மளமளவென்று கணக்குக் கேட்டு, தப்பாகச் சொன்னால் மின்அதிர்வு கொடுத்தார்கள். குழந்தைக்குக் கிடைத்த பால் வெகுவாகக் குறைந்தது. அதே தொந்தரவுகளுக்கு நடுவில் ஆக்சிடோசின் ஊசி போட்டதும் பால் ஏறக்குறைய வழக்கம்போல இறங்கியது. பால் எங்கும் போய்விடவில்லை, மார்பில்தான் இருந்தது. தொந்தரவு அதை இறங்கவிடாமல் தடுத்தது, அவ்வளவே. 1994இல் ஜப்பானில் நடந்த ஆய்வும், இரைச்சலும் மனக்கணக்கும் பாலூட்டும்போது வரும் ஆக்சிடோசின் துடிப்புகளைக் குறைப்பதைக் காட்டியது. இந்தச் சோதனைகளிலிருந்து கற்க வேண்டியது, தொந்தரவை நிறுத்த வேண்டும் என்பதை. தையல் வலியோடு உட்கார்ந்திருப்பவளிடம் பால் வருகிறதா, பிள்ளைக்குப் பத்துகிறதா, பக்கத்துப் படுக்கைக்காரிக்கு எப்படிப் பீறிடுகிறது பார் என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள், அந்தப் பனிநீர் வேலையைத்தான் செய்கிறார்கள். பிறகு அவளுடைய கவலைதான் காரணம் என்றும் அவர்களே தீர்ப்புச் சொல்கிறார்கள். துக்கத்திலோ கோபத்திலோ கொடுத்த பால் நஞ்சாகிவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தாய்ப்பாலில் கார்ட்டிசால் உண்டு. மகிழ்ச்சியான தாயின் பாலிலும் உண்டு, காலை நேரத்தில் கூடுதலாக.

தமிழ்நாட்டின் எண்களும் இதையே சொல்கின்றன. அதே குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்தில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 45 சதவீதம் அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 60 சதவீதம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55 சதவீதம். கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாரும் மருத்துவர், செவிலியர் கண்முன்னால் பிள்ளை பெறும் மாநிலத்தில், பத்தில் நான்கு குழந்தைகளுக்கு முதல் மணி நேரத்தில் பால் கிடைக்கவில்லை என்றால், பத்தில் நான்கு தாய்மார் கவலைப்பட்டார்கள் என்பதா விளக்கம்? வயிற்றைக் கிழித்துத் தைத்த பெண்ணைத் தாங்கிப் பிடித்துப் பிள்ளையை மார்பில் போட ஆள் இருந்ததா, பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பொறுமையாகப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கச் செவிலியருக்கு நேரம் இருந்ததா என்பவைதான் கேள்விகள். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை 2015இல் தமிழக அரசு திறந்தது சரியான திசையில் எடுத்துவைத்த அடி. பால் கொடுப்பதற்கு இடமும் நேரமும் மறைப்பும் வேண்டும், தாய்க்கு நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட செயல் அது.

அறிவுரைதானே, காது கேட்டுவிட்டுப் போகட்டும், இதில் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு இருக்கிறது. பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படுவது 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல். பத்தே கேள்விகள், தமிழிலும் பெயர்த்து வேலூரில் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பத்தில் ஒன்று, ஏதாவது தப்பாகும்போது தேவையில்லாமல் உங்களையே குறைசொல்லிக்கொள்கிறீர்களா என்பது. தேவையற்ற தன்பழி அங்கே நோயின் அறிகுறியாகக் கணக்கிடப்படுகிறது. நாமோ அதையே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளை சற்று எடை குறைந்து பிறந்தால், ராத்திரி முழுக்க அழுதால், பேச்சு தாமதமானால், அன்றைக்கு நான் அழுததால்தானோ என்று அவள் பின்னோக்கித் தேடத் தொடங்குகிறாள். கேடு அதோடு நிற்பதில்லை. மகிழ்ச்சியில்லாத தாய் பிள்ளைக்கு ஆபத்து என்று நம்பும் ஊரில், எனக்கு மகிழ்ச்சியில்லை என்று எவள் வாய்திறப்பாள்? செவிலியர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாள், கணவன் கேட்டால் தூக்கமில்லை என்பாள். முன்பே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துவந்தவள் பிள்ளைக்காக என்று தானே நிறுத்திவிடுவாள். அமெரிக்காவில் 201 கர்ப்பிணிகளிடம் செய்து 2006இல் வெளியான ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். குற்றவுணர்ச்சி முடிவுசெய்யக் கூடாது. பிரிட்டனில் தாய்மார் மரணங்களைத் தொடர்ந்து ஆராயும் அறிக்கைகள், பிரசவமாகி ஆறு வாரத்திலிருந்து ஓராண்டு வரையான காலத்தில் பேறுகாலத்தோடு நேரடித் தொடர்புள்ள மரணங்களுக்கு முதன்மைக் காரணம் தற்கொலை என்று பதிவுசெய்கின்றன. வாய்திறக்க விடாத அறிவுரையின் விலை என்னவாகலாம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். நம் பண்பாடு கர்ப்பிணியைக் கொண்டாடுகிறது, வளைகாப்புப் போடுகிறது, வாய்க்கு ருசியாகச் சமைத்துக் கொடுக்கிறது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறது; அதைக் குறைசொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றை நான் குறைசொல்லவில்லை. என் வாதத்துக்கு அவையே சாட்சி. வளைகாப்பில் வேலை செய்கிறவர்கள் சுற்றியிருப்பவர்கள்தான், அவள் உட்கார்ந்திருக்கிறாள். தாய்வீட்டுக்கு அனுப்புவதன் பொருள், அவளுக்கு மூன்று மாதம் அடுப்படியிலிருந்து விடுதலை என்பது. பிள்ளை பெற்றவளைத் தனியாக விடக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டுக்குப் பேய், தீட்டு என்று என்ன காரணம் சொல்லியிருந்தாலும், நடைமுறையில் அவள் பக்கத்தில் எப்போதும் ஒரு பெண் இருந்தாள். இவையெல்லாம் பிறர் செய்தவை. அந்த ஒத்தாசை நகரத்து இரண்டு அறை வீட்டில் சுருங்கிப்போன பிறகு, சடங்கையும் புகைப்படத்தையும் வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய வேலையை மட்டும் 'பாசிட்டிவா யோசி' என்ற ஒற்றை வரியாக அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

நம் பாட்டிமார் பத்துப் பிள்ளை பெற்றார்கள், யாருக்கும் மனச்சோர்வு வரவில்லையே என்பது அடுத்த மறுப்பு. வரவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தர் மார்சே, கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், பாலூட்டுபவர்கள் ஆகியோரின் மனநோய்களைப் பற்றி 1858இலேயே தனி நூல் எழுதினார். நம் ஊரில் அதே நிலைக்குப் பேய் பிடித்துவிட்டது என்றும், பிரசவத்தில் ஜன்னி கண்டுவிட்டது என்றும், பிள்ளை பெற்றதிலிருந்து அவள் ஒரு மாதிரியாகிவிட்டாள் என்றும் பெயர் இருந்தது. கிணற்றில் விழுந்தவர்களின் கதை எந்தக் குடும்பத்தில் இல்லை? அவர்களைக் கணக்கெடுக்க யாரும் இல்லாததால், இல்லாதவர்களாகிவிட மாட்டார்கள்.

கடைசி மறுப்புதான் வலுவானது. தாய்மாரின் நலனுக்காக உழைப்பவர்களே சொல்வது. பிள்ளையைக் காரணம் காட்டினால்தான் குடும்பம் அசைகிறது, அரசு பணம் ஒதுக்குகிறது. பெண்ணுக்காக என்று சொன்னால் யார் கேட்பார்கள் என்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த உத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பாகிஸ்தானில் நடந்த ஒரு நல்ல திட்டமே உதாரணம். ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மனச்சோர்வில் இருந்த 903 பெண்களை அதீஃப் ரஹ்மான் குழுவினர் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினரிடம், குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிப் போய்ப் பேசினார்கள். பிரசவமாகி ஆறு மாதத்தில், அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு நீடித்தது. 2008இல் வெளியான இந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் அந்த ஆய்வு முதன்மையாக அளக்க நினைத்தது தாயின் நலனை அல்ல, குழந்தையின் எடையையும் உயரத்தையும். அவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிள்ளையின் எடைதான் கணக்கென்றால் அந்தத் திட்டம் தோற்றுவிட்டது என்று எழுதியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பெண்கள் இருளிலிருந்து மீண்டது அந்தக் கணக்கில் ஏறாது. பிள்ளையைக் காட்டிப் பணம் கேட்டால், பிள்ளையின் எடை கூடாதபோது பணம் நின்றுவிடும். கரு கலைந்தவளுக்கும், பிள்ளை இறந்து பிறந்தவளுக்கும் அந்த வாதத்தில் இடமே இல்லை. ஆதரவு ஆக அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். தாய்க்கு மனவேதனை இருக்கிறது, ஆகவே அவளுக்கு உதவ வேண்டும் என்று நேராகச் சொல்வதே நிலைக்கும்.

அப்படியானால் யார் என்ன செய்ய வேண்டும்? கர்ப்பிணியின் அட்டையில் எடையும் ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் மாதந்தோறும் ஏறுவதுபோல, எடின்பரோ அளவுகோலின் அந்தப் பத்துக் கேள்விகளும் கர்ப்பத்தில் ஒருமுறை, பிரசவமான ஆறாவது வாரத்தில் ஒருமுறை கேட்கப்பட வேண்டும். மாமியாரும் கணவனும் அறைக்கு வெளியே இருக்கும்போது கேட்கப்பட வேண்டும். கேட்டுவிட்டுக் கைவிடக் கூடாது என்பதால், கிராம சுகாதார செவிலியருக்கு ராவல்பிண்டியில் கொடுத்தது போன்ற பயிற்சியும், அவர்களுடைய மற்ற வேலைகளைக் குறைத்து அதற்கான நேரமும் வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009இல் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்து மனநல சிகிச்சை தரும் பிரிவு தொடங்கியது. சிகிச்சைக்கு வரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த வசதி பெருநகரத்தோடு நிற்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கு வர வேண்டும். அரசுப் பெண் ஊழியருக்குத் தமிழ்நாட்டில் 2021இலிருந்து பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் 26 வாரம் என்று மத்திய சட்டம் சொல்கிறது. வயலில் நடவு நடுகிறவளுக்கும், வீட்டுவேலை செய்கிறவளுக்கும், வீட்டிலிருந்தே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவளுக்கும் அந்த 26 வாரம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் பெரிய உதவிதான். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. மனச்சோர்வின் முதல் காரணங்களில் ஒன்று வறுமை என்று ஆய்வுகள் சொல்லும்போது, அந்தத் தொகையைக் கூலிக்கு நிகராக உயர்த்துவதும் மனநல சிகிச்சைதான்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ராத்திரி பிள்ளை அழும்போது பாலைத் தாய்தான் கொடுக்க முடியும். துணி மாற்றுவதையும் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பதையும் கணவன் செய்ய முடியும். 2010இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டியபோது, பிள்ளை பிறக்கும் காலத்தில் தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரிந்தது. அவர்களிடம் யாரும் பிள்ளைக்காகச் சிரித்துக்கொண்டிரு என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதே நியாயம் அவளுக்கும் வேண்டும். அழுகை வந்தால் அழ அவளுக்கு உரிமை உண்டு. கோபம் வந்தால் அதற்குக் காரணமும் இருக்கலாம். பிறந்திருப்பது பெண் என்று முகம் சுளிப்பவரை, கைநீட்டும் கணவனை, ஒத்தாசைக்கு வராமல் யோசனை மட்டும் சொல்பவரைத் தட்டிக்கேட்க வேண்டியது சுற்றியிருக்கும் நம் வேலை. பிள்ளையின் நலனுக்காக அவள் தன் மனதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அவளுடைய நலனுக்காக நாம் எதை மாற்றிக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லத் தொடங்க வேண்டும். கர்ப்பிணியின் மனநலம் மற்றவர்கள் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி. அவளிடம் வசூலிக்க வேண்டிய கடன் அல்ல.